ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் குடிவருகிறவர்களுக்கு: கார் ஊரில் காலூன்றும் வழி

ஆஃபர் லெட்டரில் டல்லாஸ், டெக்சஸ் என்று இருக்கும். ஆபீஸ் இருப்பது வடக்குப் புறநகரான பிளேனோவில், நண்பர்கள் வீடு பார்த்துச் சொல்வது அதற்கும் வடக்கே ஃபிரிஸ்கோவில், அந்த வீட்டுக்குரிய பள்ளி இன்னொரு பள்ளி மாவட்டத்தில். இந்த மூன்றுக்கும் நடுவே ஓடுவதுதான் இங்கே வாழ்க்கையின் பெரும்பகுதி. வந்ததும் கார் வாங்கி, பிறகு வாடகை குறைவான வீட்டைப் பிடித்து, கடைசியில் பள்ளியைப் பற்றி விசாரிப்பதே பலரும் போகும் வரிசை. அதைத் தலைகீழாக்குங்கள். வீடு எங்கே என்பதுதான் குடும்பத்துக்கு ஒரு கார் போதுமா, இரண்டு வேண்டுமா என்பதையும், நாளுக்கு எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் பிடிப்பது என்பதையும் முடிவு செய்கிறது.

ஊர் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் வீடு பார்ப்பது எளிது

1960இல் பிளேனோவின் மக்கள்தொகை 3,695. 2020 கணக்கெடுப்பில் 2,85,494. ஃபிரிஸ்கோ இன்னும் வேகம்: 2000இல் 33,714, 2010இல் 1,16,989, 2020இல் 2,00,509. ஒரு காலத்தில் இது பருத்தியும் சோளமும் விளைந்த கரிசல் மண். டல்லாஸிலிருந்து வடக்கே போகும் சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வே முதல் அலையைக் கொண்டுவந்தது. 1968இல் தொடங்கிய டல்லாஸ் நார்த் டோல்வே மேற்குப் பக்கமாக வடக்கே நீள நீள, இரண்டாவது அலை அதன் ஓரமாகவே ஏறியது. கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. பிளேனோவின் லெகசி பகுதி அப்படி வளர்ந்ததுதான்; டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் 2017இல் அங்கே வந்தது.

பழைய பண்ணைச் சாலைகள் பெரும்பாலும் ஒரு மைல் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அவையே இன்று நடுவில் புல்திட்டு வைத்த ஆறு லேன் சாலைகள், வேகம் மணிக்கு 40, 45 மைல். ஒவ்வொரு மைல் சதுரத்துக்குள்ளும் வளைந்து வளைந்து முட்டுச்சந்தில் முடியும் தெருக்கள். சதுரத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் மதில். கடைகள் சதுரத்தின் மூலைகளில் மட்டும்: பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, சூப்பர்மார்க்கெட், அவற்றுக்கு முன்னால் பெரிய பார்க்கிங் வெளி. மதிலில் திறப்பு இல்லாவிட்டால், படுக்கையறை ஜன்னலிலிருந்து தெரியும் கடைக்குக்கூட ஒன்றரை மைல் சுற்றித்தான் போக வேண்டும். நடைபாதை இருக்கும், நடப்பவரைத்தான் காணோம். ஜூலையில் 38 டிகிரி வெயிலில் ஆறு லேனைக் கடக்க சிக்னல் பட்டனை அமுக்கி நின்று பார்த்தால் காரணம் விளங்கும்.

பஸ், ரயில் கதை தனி. டார்ட் போக்குவரத்து அமைப்பு 1983இல் வாக்கெடுப்பின் வழியே உருவானபோது பிளேனோ சேர்ந்துகொண்டது. ஃபிரிஸ்கோ உறுப்பினர் இல்லை. காரணம் விற்பனை வரி. டெக்சஸில் மாநில வரி 6.25 சதவீதம், அதற்கு மேல் உள்ளாட்சிகள் போடக்கூடியது மொத்தம் 2 சதவீதம்தான். டார்ட் உறுப்பினர் ஊர் அதில் 1 சதவீதத்தை டார்ட்டுக்குத் தர வேண்டும். ஃபிரிஸ்கோ அந்தப் பங்கைத் தன் இரண்டு வளர்ச்சிக் கழகங்களுக்கு அரை அரையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. விளையாட்டு அரங்கங்களும் கம்பெனிகளுக்கான ஊக்கத்தொகையும் வந்தன, பஸ் வரவில்லை. எனவே கார் இல்லாமல் சில மாதமாவது ஓட்ட வேண்டிய நிலை இருந்தால் ஃபிரிஸ்கோவை விட்டுவிட்டு, பிளேனோவில் பார்க்கர் ரோடு அல்லது டவுன்டவுன் பிளேனோ ரயில் நிலையம் பக்கம் தேடுங்கள். பார்க்கர் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறி டல்லாஸ் நடுநகருக்குப் போகலாம். பிளேனோவின் பல பகுதிகளில் டார்ட்டின் கோலிங்க் என்ற அழைப்பு வண்டியும் ஓடுகிறது.

வீடு தேடும்போது

முதலில் ஆபீஸ் முகவரியை மேப்பில் வையுங்கள். செவ்வாய் அல்லது புதன் காலை 8:30க்குப் போய்ச் சேருவதாக நேரம் போட்டு, ஒவ்வொரு அபார்ட்மென்டிலிருந்தும் பாருங்கள். ஒரு முறை டோலோடு, ஒரு முறை டோல் தவிர்த்து. மாலை 5:30க்குக் கிளம்புவதாகத் திரும்பும் வழியையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் ஓட்டிப் பார்த்த நேரத்தை நம்ப வேண்டாம்.

வீடு ஆபீஸுக்குக் கிழக்கே இருந்தால் காலையும் மாலையும் சூரியன் முதுகுக்குப் பின்னால். மேற்கே இருந்தால் இரண்டு வேளையும் கண்ணில் குத்தும். மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது கிழக்கைத் தேர்ந்தெடுங்கள்.

பள்ளியை வாடகை விளம்பரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முகவரியில் வரும் ஊர்ப் பெயர் தபாலுக்கானது. ஃபிரிஸ்கோ நகருக்குள் இருக்கும் வீடு ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் என நான்கு பள்ளி மாவட்டங்களில் எதிலும் இருக்கலாம். பிளேனோவின் வடமேற்குப் பகுதி சில வீடுகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் வரும். பள்ளி மாவட்டத்தின் தளத்தில் கதவு எண்ணோடு முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். புதுப் பள்ளிகள் திறக்கும்போது எல்லைகள் மாற்றி வரையப்படுவதால், அடுத்த ஆண்டுக்கான எல்லையையும் கேளுங்கள்.

பள்ளிக்கு 2 மைலுக்குள் வீடு இருந்தால் பெரும்பாலும் பள்ளிப் பேருந்து கிடையாது. அபாயகரமான சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் மட்டும் சில இடங்களில் விதிவிலக்கு. அதாவது ஒன்றரை மைல் தூரத்தில் வீடு எடுப்பதுதான் மிக மோசமான தேர்வு: நடக்கவும் முடியாது, பஸ்ஸும் வராது. பள்ளி விடுவதற்கு அரை மணி முன்பே கார் வரிசை தொடங்கிவிடும். ஒரே கார் வைத்திருக்கும் வீட்டில் அந்தக் கார் ஆபீஸில் நின்றால் பிள்ளையை யார் அழைத்து வருவது? ஆகவே ஆரம்பப் பள்ளி அதே மைல் சதுரத்துக்குள், ஆறு லேன் சாலையைக் கடக்காமல் போகும்படி இருக்கட்டும். சேட்டிலைட் படத்தில் மதிலுக்கு நடுவே திறப்பு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

லீஸில் கையெழுத்திடும் முன் பார்க்கிங் விஷயம் மூன்று கேளுங்கள்: எத்தனை கார்களுக்கு அனுமதி, கூரையுள்ள இடத்துக்குத் தனி வாடகை எவ்வளவு, விருந்தினர் கார் எங்கே நிற்கலாம். ஸ்டிக்கர் இல்லாத காரை இரவோடிரவாக டோ வண்டி தூக்கிப்போவது இங்கே சர்வசாதாரணம். கூரை வேண்டுமா என்று யோசித்தால், வேண்டும். மார்ச் முதல் மே வரை ஆலங்கட்டி மழைக் காலம். கோல்ஃப் பந்து அளவில் விழுந்தால் பானெட் முழுக்கக் குழி.

லைசென்ஸ்: முப்பதாம் நாளுக்கும் தொண்ணூறாம் நாளுக்கும் நடுவே

இந்திய லைசென்ஸை வைத்து டெக்சஸில் குடியேறிய 90 நாள் வரை ஓட்டலாம். கிளம்புமுன் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வாங்கி வந்தால் வாடகைக் கார் கம்பெனியிலும் காப்பீட்டிலும் பேச்சு குறையும். இந்திய லைசென்ஸுக்கு நேரடி மாற்று இல்லை. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் கட்டாயம்.

சிக்கல் இதில்தான்: வேறு அமெரிக்க மாநில லைசென்ஸை ஒப்படைக்காதவர்கள், டெக்சஸில் குறைந்தது 30 நாள் வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆக உண்மையில் கிடைப்பது அறுபது நாள். இங்கே லைசென்ஸ் தருவது டிபிஎஸ் என்ற மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை. கவுன்டர்களில் வாரக்கணக்கில் இடம் கிடைக்காது. வந்த முதல் வாரத்திலேயே ஆன்லைனில் 31ஆம் நாளுக்குப் பிறகான தேதியைப் பிடித்து வைத்துவிடுங்கள். பக்கத்து ஊர்களையும் பாருங்கள். கார்லண்ட், கரோல்டன் இரண்டிலும் பெரிய மையங்கள் உண்டு.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி, ஐ-797 (மனு ஏற்கப்பட்டதற்கான அறிவிப்பு) இருந்தால் அதுவும், சமூகப் பாதுகாப்பு அட்டை, உங்கள் பெயரில் இரண்டு முகவரி ஆதாரம். லீஸில் மனைவி பெயர் விட்டுப்போனால் அவருக்கு ஆதாரமே இருக்காது. லீஸ், மின்சாரம், வங்கி மூன்றிலும் இருவர் பெயரையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு (முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று அடித்து, உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுவார்கள். சமூகப் பாதுகாப்பு அட்டையில் ஒரு மாதிரி, ஐ-94இல் ஒரு மாதிரி என்றால் டிபிஎஸ் செய்யும் கணினிச் சரிபார்ப்பு நிற்கும், லைசென்ஸ் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். முடிந்தால் இந்தியாவிலிருந்து கிளம்புமுன்னே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயரை ஏற்றிவிடுங்கள். முடியாவிட்டால், காப்பீடு, காரின் டைட்டில் என்ற உரிமைப் பத்திரம், வங்கி எல்லாவற்றிலும் விசாவில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வு 30 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. 18 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் 6 மணி நேர வகுப்பை முதலில் முடிக்க வேண்டும். ஓட்டுத் தேர்வுக்கு முன் எல்லோரும் இம்பேக்ட் டெக்சஸ் என்ற இலவசக் காணொளி வகுப்பை முடித்துச் சான்றிதழோடு போக வேண்டும். அது 90 நாள்தான் செல்லும். ஓட்டுத் தேர்வுக்கு டிபிஎஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால், அனுமதி பெற்ற தனியார் ஓட்டுநர் பள்ளியில் பணம் கட்டி ஓட்டிக் காட்டலாம். தேர்வுக்குக் கொண்டுபோகும் காரின் காப்பீடும் பதிவும் சரியாக இல்லையென்றால் காரில் ஏறாமலேயே திருப்பி அனுப்புவார்கள்.

ஊரில் பத்து வருஷம் ஓட்டியவர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள், எல்லாம் பழக்க தோஷம். ஸ்டாப் சைனில் வண்டியை ஊர விடுவது, வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிற்பது, லேன் மாற கண்ணாடியை மட்டும் பார்த்துத் தோளுக்குமேல் திரும்பிப் பார்க்காதது, இடது பக்கம் திரும்பி நேராக வலது ஓர லேனுக்குப் போய்விடுவது. சக்கரம் முழுதாக நின்று, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு நகருங்கள். பேரலல் பார்க்கிங்கை வீட்டருகே இரண்டு குப்பைத் தொட்டிகளை வைத்துப் பழகுங்கள்.

அட்டை தபாலில் வரும். அபார்ட்மென்ட் தபால் பெட்டிக்குள் உங்கள் பெயரை எழுதி ஒட்டாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

கார் வாங்குவதும் காப்பீடும்

பழைய கார் என்றால் முதலில் டைட்டில். அதில் சால்வேஜ் (பெருஞ்சேதமானது), ரீபில்ட் (சேதத்துக்குப் பின் சீர்செய்தது) என்று முத்திரை இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். ஹூஸ்டன் பக்கத்து வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் சுத்தம் செய்யப்பட்டு வடக்கே விற்பனைக்கு வருவதுண்டு: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண் கறை பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னி குழியில் துரு பாருங்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்குத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

தனியாரிடம் வாங்கினால் விற்பவரையும் அழைத்துக்கொண்டு கவுன்டி வரி அலுவலகத்துக்கே போய் மாற்றிக்கொள்வது பத்திரம். டைட்டில் மாற்றத்துக்கான 130-யூ படிவம், கையெழுத்திட்ட டைட்டில், காப்பீட்டுச் சான்று, உங்கள் அடையாள அட்டை வேண்டும். கெடு 30 நாள். வரி 6.25 சதவீதம், விலையைக் குறைத்து எழுதினால் தப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாநிலம் வைத்திருக்கும் மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த 80 சதவீதத்துக்கு வரி போடுவார்கள். ஃபிரிஸ்கோவின் கிழக்குப் பாதி காலின் கவுன்டி, மேற்குப் பாதி டென்டன் கவுன்டி. எந்தக் கவுன்டி என்று பார்த்துவிட்டுப் போகாவிட்டால் ஒரு மதியம் வீண். 2025 ஜனவரி முதல் சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனை இல்லை. ஆனால் இந்த இரண்டு கவுன்டிகளிலும் புகைச் சோதனை தொடர்கிறது.

சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு 30/60/25: காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. இந்த ஊர்ச் சாலைகளில் பக்கத்தில் நிற்கும் பிக்அப் வண்டியின் விலையே அதைவிட அதிகம். மிச்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். 100/300/100க்கு விலை கேட்டுப் பாருங்கள்; பிரீமியம் அந்த விகிதத்தில் ஏறாது. காப்பீடு இல்லாமல் ஓட்டுபவர் இடித்தால் ஈடுகட்டும் பிரிவை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும்படி முகவர் படிவம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆலங்கட்டிச் சேதத்துக்கு, விபத்தல்லாத சேதத்தை ஈடுகட்டும் காம்ப்ரிஹென்சிவ் காப்பீடு வேண்டும். அடுத்தவர் சேதத்துக்கு மட்டுமான லயபிலிட்டியில் ஒரு டாலர்கூட வராது.

டெக்சஸ் சாலையின் தனி வழக்கங்கள்

ஹைவேயின் இரு பக்கமும் கூடவே ஓடும் சர்வீஸ் ரோடுதான் புதியவரை அதிகம் குழப்புவது. கடைகள், பெட்ரோல் பங்க் எல்லாம் அதில்தான். போக வேண்டிய கடைக்கு நேராக எக்ஸிட் இருக்காது. அரை மைல் முன்பே இறங்கிவிட வேண்டும். சர்வீஸ் ரோட்டில் போகும்போது ஹைவேயிலிருந்து இறங்கி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது நீங்கள். கடையைத் தவறவிட்டால் பதற்றம் வேண்டாம்: அடுத்த பாலத்தின் அடியில் இடது ஓர லேன் சிக்னலில் நிற்காமலே எதிர்ப்பக்கம் திருப்பிவிடும்.

மஞ்சள் அம்பு மின்னினால் இடது பக்கம் திரும்பலாம், எதிரே வருபவருக்கு வழிவிட்டு மட்டும். சிவப்பில் வலது பக்கம் திரும்ப முழுதாக நிற்க வேண்டும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். நடுவில் புல்திட்டோ தடுப்போ இருந்தால்தான் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. நடுவில் இடது திரும்பும் லேன் மட்டும் இருந்தால் அது தடுப்பு ஆகாது. பள்ளிப் பகுதியில் வேக எல்லை பொதுவாக 20 மைல், அந்தப் பகுதிக்குள் கையில் போன் எடுக்கக் கூடாது.

டோலுக்குக் காசு வாங்கும் பூத் எதுவும் கிடையாது, கேமராதான். டோல் சாலைகளை நடத்தும் என்டிடிஏவின் டோல்டேக் ஸ்டிக்கரை ஒட்டினால் மைலுக்கு 20 சென்டுக்குச் சற்று மேல். ஒட்டாவிட்டால் ஜிப்கேஷ் என்று அதிகக் கட்டணத்தில் பில் தபாலில் வரும். ஒரு பக்கம் 12 மைல், மாதம் 20 நாள் என்றால் 480 மைல், கிட்டத்தட்ட 100 டாலர். வாடகை 100 டாலர் குறைவு என்று வடக்கே தள்ளிப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நம்பர் பிளேட் மாறினால் அன்றே டோல்டேக் கணக்கில் மாற்றுங்கள், வீடு மாறினால் முகவரியையும். பழைய முகவரிக்குப் போன பில்கள் தாமதக் கட்டணத்தோடு பெருகும். ஒரு வருடத்தில் 100 டோல் கட்டாமல் சேர்ந்தால் காரின் பதிவைப் புதுப்பிக்கவே விடமாட்டார்கள்.

பேட்டரி இந்த வெயிலில் மூன்று வருடம் தாண்டுவதே பெரிது. மூன்றாம் கோடை வருமுன் கடையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

சொந்த வீடு வாங்கும் ஆசை வரும்போது

இரண்டு வருடத்தில் வரும். விலை குறைவாக இருப்பது ஊரின் வளரும் விளிம்பில்: செலைனா, பிரின்ஸ்டன், ஆனா (Anna) என்ற ஊர்கள். 2023இல் 20,000 பேருக்கு மேல் உள்ள அமெரிக்க ஊர்களில் மிக வேகமாக வளர்ந்தது செலைனா. இங்கெல்லாம் முதலில் வருவது வீடுகள், சாலை பிறகுதான். பிரின்ஸ்டன் 2024இல் புதுக் குடியிருப்புத் திட்டங்களையே தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. சாலையும் தண்ணீரும் ஈடுகொடுக்கவில்லை. மாடல் வீட்டில் காட்டும் வரைபடத்தில் புள்ளிக்கோட்டில் இருக்கும் சாலையைப் போட்ட சாலையாக எண்ணாதீர்கள். 380 நெடுஞ்சாலையில் வேலை நாள் காலை 7:30க்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, அதைச் சொத்து வரியில் வசூலித்துவிடுவார்கள். ஏறத்தாழ 2 சதவீதம் என்று வைத்தால் 5 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 10,000. புதுக் குடியிருப்புகளில் தண்ணீர், சாக்கடை, சாலைக்கு வாங்கிய கடனை அடைக்க எம்யூடி அல்லது பிஐடி என்ற தனி வரியும் சேரும். அரை சதவீதமே என்றாலும் இன்னொரு 2,500. விலை பேசுமுன் மொத்த வரி விகிதத்தை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு பொறி: வரி மதிப்பீடு ஜனவரி 1 அன்றைய நிலைக்கு. அன்று வெறும் மனையாக இருந்தால் முதல் வருட வரி மனைக்கு மட்டும் வரும், மாதத் தவணையும் குறைவாகத் தெரியும். இரண்டாம் வருடம் முழு வீட்டுக்கு வரி வந்ததும் வரிக்கும் காப்பீட்டுக்கும் கடன் கம்பெனி பணம் சேர்த்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பள்ளம் விழுந்து தவணை மாதம் சில நூறு டாலர் எகிறும். முதல் வருடமே வித்தியாசத்தைத் தனியாகச் சேமியுங்கள். குடிபோனதும் லைசென்ஸில் முகவரியை மாற்றி, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு முகவரியும் ஒத்துப்போனால்தான் விலக்கு. மதிப்பீடு அதிகமென்றால் மே 15க்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். பலரும் கொடுக்கிறார்கள், நீங்களும் கொடுங்கள்.

கரிசல் மண் ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் அதோடு அசையும். கதவு இறுகுவது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுவது இரண்டும் அறிகுறி. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கசிவுக் குழாய் போட்டு, கோடையில் மண் சீராக ஈரமாக இருக்கும்படி விடுங்கள். தண்ணீர் விட நகராட்சி அனுமதிக்கும் நாட்கள் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பா ஆறு மாதம் வரும்போது

இந்த ஊர் மிகக் கடுமையாக நடத்துவது கார் ஓட்டாதவர்களைத்தான். பகலில் இருவரும் வேலைக்குப் போனால் பெரியவர்கள் நான்கு சுவருக்குள் அடைபடுவார்கள். வீடு எடுக்கும்போதே சதுரத்துக்குள் பூங்காவோ நீரோடை ஓர நடைபாதையோ இருக்கிறதா என்று பாருங்கள். நிழலுள்ள அரை மைல் பாதை ஒன்று போதும். ஃபிரிஸ்கோவின் காரிய சித்தி ஹனுமான் கோயிலுக்கோ இந்தியக் கடைக்கோ அவர்களே போய்வர, உங்கள் போனிலிருந்து அவர்கள் பெயரில் வாடகைக் கார் அழைக்கும் வசதியை முதல் வாரமே அமைத்து, ஒருமுறை கூடப் போய்ப் பழக்கிவிடுங்கள். வீட்டு முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்: மதிலுக்குள் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கும்.